பி பிளாக்கில் ஏழு மலர்வளையம்

எங்கள் குடியிருப்பில் கொண்டாடாத பண்டிகை கிடையாது. வெள்ளானூரில் நெல் விளைந்த இடத்தில் மூன்று பிளாக் கட்டி, நடுவில் பிளாஸ்டிக் புல்லை விரித்து, அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் லாரி வராத வாரத்திலும் ஹோலிக்குக் கலர்ப்பொடி வந்துவிடும். நவராத்திரிக்குக் கம்பைத் தட்டிக்கொண்டு தாண்டியா ஆடுவார்கள். குஜராத்திக் குடும்பம் ஒன்றுகூட இங்கே இல்லை. அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்கு முகத்தில் வெள்ளையடித்துப் பேய் வேஷம் போட்டு, வீடு வீடாக மிட்டாய் கேட்க அனுப்புவார்கள். கார்த்திகைக்கு மட்டும் படிக்கட்டில் அகல் விளக்கு வைக்கக் கூடாது. டைல்ஸில் எண்ணெய்க் கறை படியுமாம்.

இதற்கெல்லாம் தலைமை தாங்குகிறவள் கலாச்சாரச் செயலாளர். சங்கத்தில் அப்படி ஒரு பதவி உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும், ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் அடுத்தவர்களை மேம்படுத்த அவளுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. எதைச் சொன்னாலும் "நாம பண்றோம்" என்பாள். பண்ணுவது எப்போதும் வேறு யாராவது.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து நான் புடவைகூட மாற்றவில்லை, அவள் எங்கள் வீட்டு மணியை அடித்தாள். பி பிளாக்கில் நாங்கள் ஒரே ஒரு கிறிஸ்தவக் குடும்பம். டிசம்பரில் மட்டும் அது அவளுக்கு ஞாபகம் வரும்.

"ஆண்ட்டி, இந்த வருஷம் நம்ம பிளாக்ல எல்லா டோர்லயும் ரீத் மாட்டறோம். ஹோம் மேடா இருக்கணும். நீங்கதான் எங்களுக்கு வொர்க்ஷாப் எடுக்கணும்."

ரீத் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன்; வெளிநாட்டுப் படங்களில் கதவில் பச்சையாக, வட்டமாக ஒன்று தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் வீட்டுக் கதவிலும் அப்படி ஒன்று தொங்கியது கிடையாது. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் வாசலில் ஸ்டார், ஹாலில் குடில், டப்பா நிறைய அச்சுமுறுக்கு, விடியற்காலை ஆராதனை, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சொந்தக்காரர்களோடு சண்டை. அந்த ஸ்டாரும் சீனாவில் செய்த பிளாஸ்டிக்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை.

"அதுக்குத் தமிழ்ல மலர்வளையம்னு பேரும்மா" என்றேன். "செத்தவங்களுக்கு வைக்கிறது."

அவள் சிரித்தாள். "ஐயோ ஆண்ட்டி, நீங்க செம்ம ஃபன்னி. அது ஃபியூனரல் ரீத். இது டோர் ரீத். டோட்டலா வேற."

"ரெண்டும் வட்டமாத்தானே இருக்கு?"

"வைப் வேற ஆண்ட்டி."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் காபி டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்துவிட்டார். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவது அவருக்கு ஒரு வியாதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். அங்கேயும் அப்படித்தான், கேட்டவனுக்கெல்லாம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கணக்கு உதைக்கும்போது முழிப்பார்.

"அதுக்கென்னம்மா, இவ சொல்லித் தருவா. சர்ச்ல டெக்கரேஷன் எல்லாம் இவதானே" என்றார்.

எப்போதோ ஒரு தடவை சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காக நான் ரிப்பன் கட்டியதுதான் அந்த டெக்கரேஷன். அவள் போன பிறகு அவரைப் பார்த்தேன். பேப்பரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆன்லைனில் கிடைக்கிற தெர்மோகோல் வளையம் கூடாது என்று செயலாளர் குரூப்பில் எழுதினாள். சுற்றுச்சூழலுக்குக் கெடுதலாம். முந்தின மாதம்தான் தன் மகள் பிறந்தநாளுக்கு லிப்ட் நிறைய பலூன் கட்டினாள்; அந்தக் கிழிசல்கள் ஒரு வாரம் பிளாஸ்டிக் புல்லில் கிடந்தன. வைக்கோல் வளையம்தான் வேண்டும், பேர் கொடுத்திருப்பது ஏழு வீடு, ஏழு வேண்டும், ஆண்ட்டி ஏற்பாடு செய்வார்கள் என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டிருந்தாள்.

வைக்கோல் வளையம் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆவடி மார்க்கெட்டில் மாலை கட்டுகிற கடைக்குப் போனேன். கடைக்காரர் சம்பங்கியை நாரில் கோத்துக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் ஆணியடித்துப் பெரிதும் சிறிதுமாக வைக்கோல் வளையங்கள் தொங்கின.

"வெறும் ரிங் மட்டும் கிடைக்குமா? பூ வேணாம்."

"பூ இல்லாம இன்னாத்துக்குமா? எந்த ஊட்டுக்கு? எப்ப எடுக்கறாங்கோ?"

"யாரும் சாகலை. ஏழு வேணும்."

அவர் நாரைக் கீழே வைத்துவிட்டார். "ஏழா! ஆக்சிடென்ட்டாம்மா?"

விஷயத்தைச் சொன்னேன். கிறிஸ்துமஸ், கதவு, அலங்காரம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. முழுவதும் கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைப் பெண்ணைப் பார்த்து, "கேட்டியாக்கா? ஊட்டுக் கதவுல வளையம் மாட்டப் போறாங்களாம்" என்றார். பிறகு என்னிடம், "எங்க தெருவுல மாட்னா ஒதச்சி அனுப்பிருவாங்கோ. பிளாட்டுதான? அங்க இன்னா வோணா மாட்டிக்குவாங்கோ" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆறு வளையத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஏழாவதை மட்டும் ஒரு மூட்டைக்கு அடியிலிருந்து இழுத்தார். "இது மட்டும் ஒரு தபா போய்ட்டு வந்தது. நல்லாத்தான் கீது."

"எங்கே போய்ட்டு வந்தது?"

அவர் மறுபடியும் நாரைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் அதை வாங்கவில்லை. சுவரில் உச்சியில் தொங்கிய புதியது ஒன்றைக் கழற்றச் சொன்னேன்.

ஏழு வளையத்தையும் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நான்கு பேர் உட்காருகிற சீட்டில் என்னோடு சேர்த்து இரண்டே பேர். மற்றவர்கள் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அழாதம்மா, எல்லாம் அவன் செயல்" என்றாள். நான் அழவில்லை, வெயில் கண்ணில் அடித்தது. ஆனாலும் தலையாட்டி வைத்தேன். ஆவடியிலிருந்து வெள்ளானூருக்கு இவ்வளவு வசதியாக நான் வந்ததே இல்லை.

பச்சைக்கு என் கணவரை அனுப்பினேன். வாய் கொடுத்தவர் அவர்தானே. திருநின்றவூரில் அவருடைய நண்பர் ஒருவர் மனை வாங்கிப் போட்டிருக்கிறார். வேலி ஓரத்தில் சவுக்கு நிற்கிறது. நான்கு கிளை கேட்டேன். அவர் அரை மரத்தை வெட்டி ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு, தோகை விரித்த மயில் மாதிரி கேட்டுக்குள் நுழைந்தார். வாட்ச்மேன் அவரை அடையாளம் தெரியாமல் நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் எங்கள் ஹாலில் வொர்க்ஷாப். செயலாளரோடு ஐந்து பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் நல்ல சம்பளம், நல்ல படிப்பு, எவளுக்கும் ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை. ஒருத்தி சவுக்கு மணம் ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே இருந்தாள். ஒருத்தி வால்நட்டுகளுக்குத் தங்க பெயின்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தாள்; கிலோ என்ன விலை விற்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுத்தாலாவது மூளைக்கு நல்லது. இன்னொருத்தி, பாவம், "மாவிலை வெச்சுக் கட்டலாமா ஆண்ட்டி?" என்று கேட்டாள். நான் சரி என்று சொல்லுமுன் செயலாளர், "நோ நோ, அப்புறம் அது தோரணமாயிடும்" என்றாள்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. சவுக்கை விரல் நீளத்துக்கு ஒடித்து, மூன்று நான்கு கொத்தாகச் சேர்த்து, கட்டிட வேலைக்குக் கம்பி கட்டுவார்களே அந்தக் கட்டுக்கம்பியால் வளையத்தில் இறுக்க வேண்டும். அடுத்த கொத்தின் தலை முந்தின கொத்தின் காம்பை மறைக்கிற மாதிரி வைத்து, ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கொண்டை போட்ட தலையில் பூச்சுற்றத் தெரிந்த யாருக்கும் இது வரும். ஆனால் இவர்கள் கொண்டை போடுவதில்லை.

சிவப்புக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். வீடியோவில் ஏதோ ஒரு பழம் வைக்கிறார்கள், அது இங்கே கிடையாது. சமையலறைக்குப் போய்க் காய்ந்த குண்டு மிளகாயை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்தேன். பச்சைக்கு நடுவில் வைத்தால் பளபளவென்று பழம் மாதிரியே இருந்தது.

"ஆண்ட்டி! ஸோ ரஸ்டிக்!" என்று செயலாளர் குதித்தாள். மிளகாயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "ஹாய் கைஸ், நாங்க இப்போ எங்க ஆண்ட்டி வீட்ல..." அங்கேதான் கண் ஓரத்தில் விழுந்த முடியை விரலால் ஒதுக்கினாள்.

தொடாதே என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளை வாஷ்பேசினில் குனிய வைத்து, இரண்டு பேர் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் அவளுக்கு உதவப் போய்த் தன் கண்ணையும் தொட்டுவிட்டாள். நான் நல்லெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். வொர்க்ஷாப் அத்தோடு முடிந்தது. ஆளாளுக்குக் கொஞ்சம் கட்டிய வளையத்தை என் ஹாலில் போட்டுவிட்டு, "ஆண்ட்டி, மீதியை நீங்களே..." என்று இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க ஸ்கூல் விட்டு வந்து நானே ஏழையும் கட்டி முடித்தேன். இதை எழுதவே எனக்குக் கசக்கிறது: அழகாகத்தான் இருந்தன. சவுக்கு, அதன் சிறிய முள்காய்கள், குண்டு மிளகாய், கீழே ஒரு சிவப்பு ரிப்பன். கட்டக் கட்டக் கைக்கு அது பிடித்துப்போனது. ஏழாவது வளையத்தைப் பிரித்து மறுபடி கட்டினேன், முதல் தடவை ஒரு பக்கம் ஒல்லியாக வந்துவிட்டது என்று. கேட்க யாருமில்லாத நேர்த்தி. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

ஒன்றை எங்கள் கதவில் என் கணவர் ஆர்வமாக மாட்டினார். மற்ற ஆறையும் செயலாளர் வந்து வாங்கிக்கொண்டு போனாள். அதில் ஒன்று மிஞ்சிவிட்டது. தும்மிக்கொண்டிருந்த பெண்ணின் மாமியார், வாசலில் மலர்வளையம் மாட்டினால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாளாம். அந்தக் குடியிருப்பில் புத்தியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். மிஞ்சியதைச் செயலாளர் என்ன செய்தாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். பட்டாபிராம்காரர், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் அவர் மனைவி இறந்துபோனார். மகன் பெங்களூரில். யாரோடும் அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த இடத்தில் நிற்க முடியாது. அதனால் சங்கத்துக்காரர்கள் அவரைக் கண்டால் படியில் இறங்கிப் போவார்கள். மகன் வீட்டுக்குப் போயிருந்தவர், பிளாக்கில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கு ஏற்றுகிற அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வந்தார்.

கீழே லாபியில் பிளாஸ்டிக் மரம் ஒன்றை நிறுத்தி, எல்லோரையும் கூட்டி வைத்து, செயலாளர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். அன்பு, சமாதானம், ஒற்றுமை என்று வரிசையாக வந்தது. நானும் என் கணவரும் முன்வரிசையில் நிற்கவைக்கப்பட்டிருந்தோம், கண்காட்சிப் பொருள் மாதிரி. லிப்ட் திறந்தது. பெரியவர் ஒரு கையில் பையோடு, இன்னொரு கையில் நான் கட்டிய வளையத்தோடு வந்தார். நேராகப் போய் அதை அவள் காலடியில் போட்டார்.

"யாரு வச்சது இத எங்கூட்டுக் கதவுல?"

மைக் வழியாக அது மூன்று பிளாக்குக்கும் கேட்டது.

"அங்கிள், இட்ஸ் எ டெக்கரேஷன். நீங்க தனியா இருக்கீங்களேன்னு..."

"நான் இன்னும் போவலியேம்மா. அதுக்குள்ள வச்சிட்டீங்களா? ஊருக்குப் போய்ட்டு வந்து கதவத் தொறக்கலாம்னு பாத்தா, எனக்கே வளையம் வச்சி அனுப்பிச்சிட்டீங்க!"

செயலாளர் சுற்றிலும் பார்த்தாள். கண் என் மேல் வந்து நின்றது.

"சாரி அங்கிள். எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஆண்ட்டி சொன்னபடிதான் நாங்க பண்ணோம். அவங்க கல்ச்சர்ல டோர்ல மாட்டுவாங்களாம்."

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. பிளாக்கில் எட்டு வருஷமாக என்னோடு லிப்டில் வருகிறவர்கள், என் பிரியாணியைத் தின்றவர்கள். என் கணவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது செத்தவங்களுக்கு வைக்கிறதுன்னு நான் உன்கிட்ட சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆண்ட்டி, ப்ளீஸ். இப்ப இஷ்யூ பண்ண வேண்டாம்" என்றாள், மைக்கை அணைத்துவிட்டு. அதுவரை அது போட்டபடியே இருந்தது. என் முறை வந்ததும் அணைத்துவிட்டாள்.

அன்றைக்கே குரூப்பில் செய்தி வந்தது. யாருடைய மத உணர்வும் புண்படக் கூடாது என்பதற்காக, கதவுகளில் மாட்டிய அலங்காரங்களை எல்லோரும் உடனே எடுத்துவிடவும். மத உணர்வாம். பெரியவர் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்தவச்சி ஒருத்தி தன் வழக்கத்தை ஊர் மேல் திணித்துவிட்டாள், பெரிய மனதோடு அதைச் சரிசெய்கிறோம் என்று ஆகிவிட்டது விஷயம். என் வழக்கமே இல்லாத ஒன்றுக்காக. விடிந்து ஸ்கூலுக்குக் கிளம்பும்போது கேட் பக்கத்தில் குப்பைத்தொட்டி மேல் என் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மிளகாயைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"நாமளும் எடுத்துருவோம். எதுக்கு வம்பு?" என்றார் என் கணவர்.

"சொல்லித் தருவான்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

"அது வேற..."

"தொட்டீங்கன்னா பாருங்க."

மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து மூன்றாவது மாடிக்குப் போனேன். கையில் அச்சுமுறுக்கு டப்பா எடுத்தேன். பிறகு லஞ்சம் கொடுக்கப் போகிறமாதிரி இருக்கும் என்று வைத்துவிட்டேன். பெரியவர் கதவைத் திறந்தார். வளையத்தை ஒட்டிய நாடா பிய்ந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தாததால் நானும் போனேன். டிவி சத்தமில்லாமல் ஓடியது. சுவரில் அவர் மனைவி படத்தைச் சுற்றி சீரியல் பல்பு.

"அந்த வளையத்தைக் கட்டினது நான்தாங்க" என்றேன். "ஆனா உங்க கதவுல மாட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"நீ கட்னதா?" என்று கேட்டார். "நல்லா இறுக்கித்தான் கட்டிக்கீற. பிச்சி எறியலாம்னு பாத்தேன், வரல."

உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தபடியே பேசினார்.

"அவ போனப்போ ஃபேக்டரில எங்க பழைய ஷாப்புக்காரனுங்க எடுத்தாந்து வச்சானுங்க. இதே மாரி வட்டம். குறுக்கால ரிப்பன்ல என் பேரு எழுதியிருந்துச்சி. இன்னார் மனைவின்னு. அவ பேரு இல்ல. அவ பேரு அவனுங்களுக்குத் தெரியாது. எனக்கும் அந்த நேரத்துல சொல்லணும்னு தோணல. முப்பத்தஞ்சி வருசம் கூட வாழ்ந்தவளை என் பேரோட அனுப்பிச்சிட்டேன். நேத்து கதவுல அதப் பாத்ததும், ரிப்பன்ல இன்னா எழுதிக்குதுன்னு தேடுறேம்மா நான். ஒன்னும் எழுதல. செவப்பா தொங்குது, அவ்ளோதான்."

"அவங்க பேர் என்னங்க?" என்று கேட்டேன். எட்டு வருஷம் ஒரே கட்டிடத்தில் இருந்தும் எனக்கும் தெரியாது. மூணாவது மாடி அம்மா என்றுதான் சொல்லியிருக்கிறோம். அவர் பெயரைச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

டிவியை அணைத்துவிட்டு, "உங்கூட்டுக் கதவுல கீறத எட்த்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லை. எடுத்துடறேன்."

"எடுக்காத."

"ஏங்க?" என்றேன்.

"உன் கதவு. நீ இன்னா வோணா மாட்டு, துடப்பக்கட்டைய மாட்டு. நான் ஊர்ல இல்லாதப்போ என் கதவத் தொட்டாளே, அதுதான் எனக்கு ஆவல. அந்தப் பொண்ணு சொல்லி நீ எட்த்தன்னு வையி, அப்புறம் எல்லாத்தையும் அவதான் சொல்லுவா."

அத்தோடு பேச்சு அந்தப் பொண்ணு பக்கம் திரும்பியது. பிறகு நிற்கவில்லை. யாரும் போகாத ஜிம், தண்ணீர் இல்லாத நீச்சல்குளம், வாட்ச்மேனுக்கு மாட்டிவிட்ட கழுத்துப்பட்டை, காலையில் பிளாஸ்டிக் புல்லில் வெறுங்காலோடு நடந்து உடம்புக்கு நல்லது என்கிறவர்கள். "போன மாசத்துக்கு முந்தி பேயி ரெண்டு வந்து மணியடிச்சி மிட்டாய் கேக்குது. ரசஞ்சோறுதான் கீது, துண்றியான்னேன். அதுங்க அம்மா என்னை மொறைக்குது" என்றார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் நான் சிரித்தேன். அந்த டிசம்பரில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். ஒரே ஆட்களை ஒரே அளவுக்குக் கேவலமாக நினைக்கிற இன்னொரு மனிதர் எனக்கு மேலே மூன்றாவது மாடியிலேயே இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

இரண்டொரு நாளில் செயலாளர் வந்தாள். கூடவே சங்கத்திலிருந்து இரண்டு ஆண்கள். ஒருவர் கையில் கோப்பு.

"ஆண்ட்டி, எல்லாரும் எடுத்துட்டாங்க. நீங்க மட்டும்தான். அங்கிள் ஹர்ட் ஆவாங்க இல்லையா?"

"அவர்கிட்ட கேட்டியா?"

"இல்ல, பட்..."

"மேல போய்க் கேட்டுட்டு வா. அவர் எடுக்கச் சொன்னா எடுக்கிறேன்."

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். போகிற எண்ணம் இல்லை. கோப்பு வைத்திருந்தவர் தொண்டையைச் செருமினார். "மேடம், விதிப்படி பாத்தா, கதவோட உள்பக்கம்தான் உங்களுது. வெளிப்பக்கம் காமன் ஏரியா. அதுல சங்கத்தோட அனுமதி இல்லாம எதுவும் மாட்டக் கூடாது."

ஒரு மனிதன் இன்ஜினீயரிங் படித்து, மேலே இரண்டு வருஷம் வேறு படித்து, கடைசியில் அடுத்தவர் வீட்டுக் கதவை நடுவில் வகுந்து பாதி எனது என்று சொல்ல வந்து நிற்கிறான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கதவின் பிடியைப் பிடித்து, உள்பக்கமாக முழுவதும் திறந்து, சுவரோடு சேர்த்துத் தள்ளி, கீழே ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தேன். வளையம் என் ஹாலுக்குள் வந்துவிட்டது.

"இப்ப என் வீட்டுக்குள்ள இருக்கு" என்றேன். "சரிதானே?"

அவர் கோப்பைப் பிரித்தார், மூடினார். என் கணவர் எனக்குப் பின்னால் நின்று சிரித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மாதிரிச் சிரிப்பை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பயந்த சிரிப்பு இல்லை.

ஸ்கூல் லீவும் விட்டுவிட்டதால் அதன்பிறகு பகல் முழுவதும் கதவைத் திறந்தே வைத்தோம். கொசு வந்தது, பூனை வந்தது, சவுக்கு உதிர்ந்து ஹாலெல்லாம் குத்தியது. போகிறவர்கள் வருகிறவர்கள் எட்டிப்பார்த்தார்கள். மாவிலை கேட்ட பெண் உள்ளே வந்து உட்கார்ந்து, அன்றைக்கு லாபியில் தான் எதுவும் பேசாமல் நின்றதற்கு வருத்தப்பட்டாள். பரவாயில்லை என்றேன், பரவாயில்லாமல் இல்லை, ஆனால் அவள் ஒருத்தியாவது வந்தாள். தங்க வால்நட்காரி வந்து, தன் வளையத்தை அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிட்டதாகவும் இன்னொன்று கட்டித் தர முடியுமா என்றும் கேட்டாள். அவளுக்கு வழியைக் காட்டினேன். வாசல் திறந்துதானே இருந்தது.

கிறிஸ்துமஸ் மத்தியானம் பெரியவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கதவை ஒரு பார்வை பார்த்தார். "கழட்டி உள்ள வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும் இருக்கட்டும்" என்று சொல்லி, அதற்கு முதுகைக் காட்டுகிறமாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பிரியாணியில் உப்பு கம்மி என்றார். சரியாகத்தான் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டாவது தடவை தயிர்ப் பச்சடி வைத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் சண்டை போடவில்லை. புது ஆள் ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் பயந்துவிட்டார்கள்.

புது வருஷம் பிறந்து ஒரு சனிக்கிழமை, பச்சையெல்லாம் பழுப்பாகி, இனிப் பெருக்க என்னால் ஆகாது என்று தோன்றியபோது, நானே அதைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். யாரும் சொல்லவில்லை. கதவையும் சாத்தினேன்.

அடுத்த வாரம் லிப்டில் செயலாளரைப் பார்த்தேன். தலையைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அதை ஒரு வெற்றியாக வைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவளோ என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துபோய்த் தோளில் கை வைத்தாள்.

"ஆண்ட்டி! அந்த ரீத் வொர்க்ஷாப் செம்ம ஃபன் இல்ல? அந்த ரீலுக்கு எவ்ளோ லைக்ஸ் தெரியுமா? பொங்கலுக்கு லாபில பானை பெயின்ட்டிங் காம்பெடிஷன் வைக்கிறோம். நீங்கதான் ஜட்ஜ். மறக்காம வந்துடுங்க."

நடிக்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு அது அப்படித்தான் ஞாபகம் இருந்தது. லாபியில் என்னை அத்தனை பேர் முன்னால் நிறுத்தியது, மைக்கை அணைத்தது, பெரியவர் வளையத்தைக் காலடியில் போட்டது, எதுவுமே அவள் மேல் ஒட்டவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? சேற்றில் விழுந்த தண்ணீர்ப் பாட்டில் மாதிரி, ஒரு தடவை கழுவினால் புதுசு.

"உங்க ஃப்ளோர்தானே ஆண்ட்டி?" என்று கேட்டாள், பட்டன் பக்கம் விரலை வைத்துக்கொண்டு.

"மூணு" என்றேன். பானைக்குப் பெயின்ட் அடிக்கிற விஷயத்தைப் பெரியவருக்கு உடனே சொல்லியாக வேண்டியிருந்தது.